'அண்ணா... மெதுவா ஏறு!' - சாலவாக்கம் வரை வந்த காண்ட்ரா கதை

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் சாலையில் இன்று அதிகம் கண்ணில் படுவது ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள்தான். ஆனால், சாலவாக்கம், எடமச்சி, திருமுக்கூடல் பக்கம் 2000-களில் பள்ளிக்கூடம் போன யாரிடமாவது 'மேல, மேல, கீழ, கீழ' என்று மட்டும் சொல்லி நிறுத்திப் பாருங்கள். கையில் மாஸ்க்கும் ஹெல்மெட்டும் இருந்தாலும், கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தாலும், மீதியை அவர்களே முடித்துவிடுவார்கள். 'இடது, வலது, இடது, வலது, பி, ஏ, ஸ்டார்ட்!'

இது 30 லைஃப் தரும் மந்திரம். கேமின் பெயர் காண்ட்ரா.

அட, அது வெறும் துப்பாக்கிச் சண்டை கேம்தானே என்று நினைக்கலாம். பாதி சரி. சட்டை போடாத இரண்டு வீரர்கள் ஓடுவார்கள், குட்டிக்கரணம் அடிப்பார்கள், சுடுவார்கள். ஒரு குண்டு பட்டால் ஒரு லைஃப் காலி. ஆனால், அந்தக் காலத்து கேசட்டில் இருந்த மற்ற கேம்களோடு ஒப்பிட்டால் இதில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு ஸ்டேஜ் ஆடிப் பழகியதும், அடுத்த ஸ்டேஜில் கேம் தன் ஆட்டத்தையே மாற்றிவிடும். மூன்றாவது ஸ்டேஜில் இன்னொரு முறை மாற்றும். ரோட் ஃபைட்டரில் கடைசி வரை கார்தான். பேட்டில் சிட்டியில் கடைசி வரை டாங்க்தான். காண்ட்ராவில் அப்படி நிம்மதியாக உட்கார முடியாது.

அந்த மாற்றங்களில் ஒன்று, நம் ஊர் அண்ணன் தம்பிகளுக்குள் நடந்த பெரும்பாலான சண்டைகளுக்குக் காரணமாக இருந்தது. அதற்கு அப்புறம் வருவோம்.

இலவச டிவியும் மஞ்சள் கேசட்டும்

முதலில் இந்த கேம் எப்படி ஒரு கிராமத்து வீட்டுக்குள் வந்தது?

காண்ட்ராவை உருவாக்கியது ஜப்பானின் கொனாமி நிறுவனம். 1987 பிப்ரவரியில் கடைகளில் காசு போட்டு ஆடும் பெரிய இயந்திரத்துக்காக வந்தது. அடுத்த ஆண்டு, 1988 பிப்ரவரியில், நின்டென்டோவின் வீட்டு வீடியோ கேம் கருவிக்கு மாறியது. அந்தக் கருவிக்கு ஜப்பானில் பெயர் ஃபேமிகாம். 1983 ஜூலை 15-ல் அங்கே விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் அதையே உருவம் மாற்றி என்.இ.எஸ். என்ற பெயரில் விற்றார்கள்.

நம் ஊருக்கு வந்தது பெரும்பாலும் இந்த இரண்டும் இல்லை. இவற்றின் நகல். தைவானிலும் சீனாவிலும் ஃபேமிகாமின் பாகங்களைப் பார்த்து அதே போல வேலை செய்யும் கருவிகளைத் தயாரித்தார்கள். பிறகு மொத்தக் கருவியையும் ஒரே சில்லில் அடக்கிவிட்டார்கள். விலை மளமளவென்று இறங்கியது. இந்தியாவில் சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பல பெயர்களில் இந்த வகைக் கருவிகள் விற்றன. பிறகு பெயரே இல்லாத டப்பாக்களும் வந்தன. ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: டிவி கேம்.

ஒரு கணக்கு பார்த்தால் ஏன் நகல் ஜெயித்தது என்பது புரியும். 1995-ல் ஷா வாலஸ் நிறுவனம் செகா மெகா டிரைவ் கருவியை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் விலை 18,000 ரூபாய். அன்றைய பெரும்பாலான குடும்பங்களுக்குப் பல மாதச் சம்பளம். சில நூறு ரூபாய்க்குக் கிடைத்த நகல் கருவியோடு அது எப்படிப் போட்டி போடும்?

கருவி மட்டும் போதுமா, டிவி வேண்டாமா? 2006-ல் அதற்கும் வழி பிறந்தது. அந்த ஆண்டு தேர்தலில் தி.மு.க. அறிவித்த இலவச கலர் டிவி திட்டம் செப்டம்பர் 15-ல் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட டிவிகள் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அரசியல் விமர்சனங்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த 14 இன்ச் டிவி, நிறைய கிராமத்து வீடுகளில் முதல் கலர் டிவி. ஏற்கெனவே ஒன்று இருந்த வீடுகளில் அது இரண்டாவது டிவி. அதாவது, பிள்ளைகள் கேம் ஆட ஒரு டிவி!

கேசட் வாங்க செங்கல்பட்டு, காஞ்சிபுரம் கடைகளுக்குப் போகலாம். சென்னைக்குப் போகும் மாமா இருந்தால் ரிச்சி தெருவிலிருந்தோ பர்மா பஜாரிலிருந்தோ வரும். திருவிழாக் கடைகள் இன்னொரு வழி. இந்தப் பக்கத்தில் மாட்டுப் பொங்கல் என்றாலே திருமுக்கூடல் பார்வேட்டைதான். காஞ்சி வரதர், பழையசீவரம் லட்சுமி நரசிம்மர், காவாந்தண்டலம் லட்சுமி நாராயணர், திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் ஆகியோரோடு சாலவாக்கம் சீனிவாசப் பெருமாளும் சேர்ந்து, ஐந்து பெருமாள்களும் ஒரே இடத்தில் காட்சி தரும் நாள். பெரியவர்களுக்குப் பெருமாள். பொடிசுகளுக்கு விளையாட்டுச் சாமான் கடை. பொங்கலுக்குப் பெரியவர்கள் கொடுத்த காசு கையில் இருக்கும் நேரம் வேறு.

கேசட்டின் மேல் '9999999 இன் 1' என்று அச்சடித்திருக்கும். கிட்டத்தட்ட ஒரு கோடி கேம்! உள்ளே போனால் ஒரு டஜன், மிஞ்சிப் போனால் சில டஜன் கேம்கள்தான் உண்மையில் இருக்கும். அதையே திரும்பத் திரும்ப வேறு எண்ணில் பட்டியல் போட்டிருப்பார்கள். ஒரே காண்ட்ரா, ஒரு வரியில் முதல் ஸ்டேஜிலிருந்து, இன்னொரு வரியில் நடு ஸ்டேஜிலிருந்து, மற்றொன்றில் கூடுதல் லைஃபோடு. உலகின் மிகப் பெரிய பொய் அந்த மஞ்சள் பிளாஸ்டிக் மீதுதான் அச்சடிக்கப்பட்டிருந்தது. யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இந்த நகல் கதையில் ஒரு கிளைக்கதை உண்டு. சீனாவில் இப்படிப்பட்ட கருவிகளை விற்றுப் பெரிய ஆளான நிறுவனம் சுபோர். கீபோர்டு வைத்த டிவி கேமை 'பிள்ளைகள் படிக்கும் இயந்திரம்' என்று சொல்லி, ஜாக்கி சானை வைத்து விளம்பரம் செய்து விற்றது. அந்த நிறுவனத்தை நடத்திய துவான் யோங்பிங், 1995-ல் வெளியே வந்து பி.பி.கே. என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஓப்போ, விவோ இரண்டும் அந்த வேரிலிருந்து முளைத்தவை. இந்தக் கட்டுரையை நீங்கள் அந்த போன்களில் ஒன்றில் படித்துக்கொண்டிருந்தால், உங்கள் கையில் இருப்பது ஒரு வகையில் டிவி கேமின் பேரன்!

எட்டு ஸ்டேஜ், எத்தனை வேஷம்?

இப்போது கேமுக்குள் போவோம். பவர் பட்டனை அழுத்தியதும் அந்த இசை. முதல் சில நொடிகளிலேயே முதுகு நிமிர்ந்துவிடும். வீட்டுக் கருவிக்கான அந்த இசையை அமைத்தவர்கள் ஹிடெனோரி மேசாவாவும் கியோஹிரோ சாடாவும்.

முதல் ஸ்டேஜ் காடு. இடமிருந்து வலமாக ஓட வேண்டும். நீல நிற பேன்ட் போட்டவர் பில், முதல் பிளேயர். சிவப்பு பேன்ட் போட்டவர் லான்ஸ், இரண்டாவது பிளேயர். ஒரு பாலம் வரும். கால் வைத்ததும் பின்னாலிருந்து வெடித்துக்கொண்டே வரும். முதல் முறை ஆடும் எல்லோரும் அங்கே தண்ணீரில் விழுவார்கள். பயப்பட வேண்டாம், தண்ணீரில் விழுந்தால் சாக மாட்டார்கள். கீழ் பட்டனை அழுத்தினால் முங்கிக்கொள்ளலாம், குண்டு படாது. ஏரியில் குளித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டியதில்லை.

ஓடு, குதி, சுடு. சரி, பழகிவிட்டது. காட்டின் முடிவில் இருக்கும் சுவரை உடைத்து உள்ளே போனால் ஆட்டம் மாறிவிடும்.

இரண்டாவது ஸ்டேஜில் கேமரா நம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். வீரர்கள் திரையின் கீழே நிற்பார்கள், எதிரே ஒரு நீளமான அறை, தூரத்தில் சுவர், நடுவில் மின்சார வேலி. சுவரில் இருக்கும் கருவியைச் சுட்டு உடைத்தால் வேலி அணையும். பிறகு மேல் பட்டனை அழுத்தினால் அடுத்த அறைக்குள் ஓடுவார்கள். அவசரப்பட்டு வேலியைத் தொட்டால் ஷாக் அடித்து உடம்பு உதறும். இதுவரை பக்கவாட்டில் பறந்த குண்டுகள், இப்போது நம் முகத்தை நோக்கி வரும்.

அந்தக் கருவியால் நிஜ 3டி படம் போட முடியாது. அதன் சில்லின் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் வெறும் 2 கிலோபைட். காண்ட்ரா கேமே மொத்தம் 128 கிலோபைட்தான். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'காலை வணக்கம்' படம் பல சமயம் அதைவிடப் பெரியது. அந்த இடத்துக்குள் எட்டு ஸ்டேஜ், இசை, இரண்டு வீரர்கள், அவ்வளவு வில்லன்கள். ஆழமாகத் தெரியும் அந்த அறை, அளவு மாறும் ஓவியங்களை வைத்துச் செய்த கண்கட்டு வித்தை.

மூன்றாவது ஸ்டேஜ் அருவி. இப்போது பக்கவாட்டிலும் இல்லை, முன்னாலும் இல்லை. மேலே ஏற வேண்டும். நான்காவது மறுபடி அந்த அறை. ஐந்தாவது பனிக்காடு. ஆறாவதில் விட்டு விட்டு நெருப்பு கக்கும் குழாய்கள். அங்கே துப்பாக்கியைவிடப் பொறுமைதான் முக்கியம். ஏழாவதில் மேலிருந்து இறங்கும் இரும்புக் கொக்கிகள், தள்ளுவண்டிகள், தரையிலிருந்து முளைக்கும் முள்சுவர்கள். எட்டாவதில் மனிதர்களே கிடையாது. சதையால் ஆன குகை, அதன் முடிவில் துடித்துக்கொண்டிருக்கும் ஓர் இதயம்.

இப்படி ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் ஆட்டத்தை மாற்றும் பழக்கம் கொனாமிக்குப் புதிதல்ல. அதே கேசட்டில் இருந்த சர்க்கஸ் சார்லி நினைவிருக்கிறதா? முதலில் சிங்கத்தின் மேல் நெருப்பு வளையம், பிறகு கயிற்றில் நடை, பிறகு பந்து, குதிரை, ஊஞ்சல். அதுவும் கொனாமி கேம்தான். 1991-ல் இங்கிலாந்தின் ரேர் நிறுவனம் பேட்டில்டோட்ஸ் என்ற கேமில் இதை எல்லை வரை கொண்டுபோனது. இரண்டாவது ஸ்டேஜில் கயிற்றில் இறங்க வேண்டும், மூன்றாவதில் வண்டியில் பறக்க வேண்டும். அந்த மூன்றாவது ஸ்டேஜைத் தாண்ட முடியாமல் கேமையே மூடி வைத்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. காண்ட்ரா அந்த அளவுக்குக் கொடுமைக்காரன் இல்லை. தெரிந்தவர் ஆடினால் அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். அந்த 'தெரிந்தவர்' ஆவதற்குத்தான் ஒரு கோடை விடுமுறை முழுவதும் போகும்.

அருவியில் நடந்தது என்ன?

சண்டைக்குக் காரணம் என்று சொன்னோமே, அது இந்த அருவிதான்.

முதல் ஸ்டேஜில் ஒருவர் முன்னால் ஓடினாலும் பின்னால் இருப்பவருக்குப் பெரிய ஆபத்து இல்லை. அருவியில் அப்படி இல்லை. மேலே ஏறுகிறவரோடு திரையும் மேலே போகும். ஒரு தடவை மேலே போன திரை கீழே இறங்காது. பின்தங்கியவர் நின்றுகொண்டிருந்த பாறை திரைக்குக் கீழே மறைந்துவிடும். மறைந்தால் அவ்வளவுதான், அவர் செத்தார். எந்த வில்லனும் சுடவில்லை. கூட வந்தவர் வேகமாக ஏறியதால் செத்தார்.

முதல் ரிமோட் யார் கையில் இருக்கும்? அண்ணன் கையில். அது எழுதப்படாத சட்டம். தம்பிக்கோ தங்கைக்கோ இரண்டாவது ரிமோட். அதிலும் ஒரு பட்டன் பெரும்பாலும் சரியாக அமுங்காது. (அக்காக்களின் நிலைமை இன்னும் மோசம். தம்பிக்கு லைஃப் தீர்ந்த பிறகுதான் ரிமோட் கைக்கு வரும். இதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.) அண்ணன் இரண்டு தாவில் மேலே போய்விடுவார். கீழே சிவப்பு பேன்ட் போட்டவர் இன்னும் முதல் பாறையிலேயே குதித்துக்கொண்டிருப்பார். "அண்ணா... மெதுவா ஏறு! நான் கீழ இருக்கேன்!" என்ற குரல், அந்தக் கோடை மத்தியானங்களில் எத்தனை வீட்டு ஜன்னல்களிலிருந்து கேட்டிருக்கும்?

வேறு வழியே இல்லை. அருவியைத் தாண்ட வேண்டும் என்றால் இருவரும் ஒரே வேகத்தில் ஏற வேண்டும். நன்றாக ஆடத் தெரிந்தவர், தெரியாதவருக்காக நிற்க வேண்டும். நிற்கும்போது மேலிருந்து பாறை உருளும், குண்டு வரும். அதையும் சமாளித்துக்கொண்டு நிற்க வேண்டும். கேம் இதை எங்கேயும் எழுதிக் காட்டாது. இரண்டு மூன்று முறை தம்பியைக் கொன்று, தம்பி ரிமோட்டை எறிந்துவிட்டு அம்மாவிடம் போய்ப் புகார் சொல்லி, அம்மா வந்து டிவியை ஆஃப் செய்த பிறகு, அண்ணனுக்கே அது புரியும்.

அடுத்த சண்டை, எஸ் எழுத்துக்கு. பறந்து வரும் டப்பாவைச் சுட்டால் ஓர் எழுத்து விழும். எம் என்றால் மெஷின் கன். எஸ் என்றால் ஒரே நேரத்தில் ஐந்து குண்டுகள் விசிறி போலப் பறக்கும். யார் முதலில் தொடுகிறார்களோ அவர்களுக்கு. செத்தால் துப்பாக்கியும் போய்விடும். எஸ் வைத்திருப்பவர் தெரியாமல் எஃப்-ஐத் தொட்டுவிட்டால் அதைவிடப் பெரிய சோகம் இல்லை. சுருண்டு சுருண்டு போகும் அந்த நெருப்பு உருண்டையை விரும்பியவர் என்று யாரையும் கண்டுபிடிப்பது கஷ்டம். எஸ் கையில் இருக்கும் அண்ணன், அடுத்த எஸ் வரும்போது ஒதுங்கி நின்று, "நீ எடுத்துக்கோடா" என்று சொன்னால், அன்று வீட்டில் ஏதோ நல்ல நாள் என்று அர்த்தம்.

கரன்ட் என்னும் கடைசி வில்லன்

காண்ட்ராவில் ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. ஏழாவது ஸ்டேஜில் இருந்தாலும், அணைத்துவிட்டால் மறுபடி காட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதைத் தமிழ்நாட்டின் மின்வெட்டுக் காலத்தோடு சேர்த்துப் பாருங்கள். 2008-ல் தொடங்கி, 2012 வாக்கில் உச்சத்துக்குப் போன மின்வெட்டு. சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பல மணி நேரம் கரன்ட் இருக்காது. எட்டாவது ஸ்டேஜின் இதயத்தை இரண்டு பேரும் சேர்ந்து சுட்டுக்கொண்டிருக்கும்போது 'டப்' என்று டிவி அணைந்தால்? அந்தத் தலைமுறையில் பலருக்கு காண்ட்ராவின் க்ளைமாக்ஸ் தெரியாமல் போனதற்கு ஏலியன் மட்டும் காரணம் இல்லை.

கரன்ட் இருந்தாலும் அடாப்டர் கொதிக்கும். அதைக் கழற்றி ஆற வைக்க வேண்டும். கேசட் வேலை செய்யாவிட்டால் எடுத்து 'ஃபூ' என்று ஊத வேண்டும். இது சாலவாக்கத்தில் மட்டுமல்ல, அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் எல்லாப் பிள்ளைகளும் தாங்களாகவே கண்டுபிடித்த வைத்தியம். உண்மையில் ஊதியதால் சரியாகவில்லை. எடுத்துத் திரும்பச் செருகியதால் இணைப்பு சரியானது. ஊதும்போது போன ஈரம் உலோக முனைகளை மெல்ல மெல்லக் கெடுத்தது. ஊத வேண்டாம் என்று நின்டென்டோவே சொல்லியிருக்கிறது. கேட்டது யார்?

அம்மாக்களின் புகார் வேறு. 'டிவி கேம் ஆடினா பிக்சர் ட்யூப் போயிடும்.' இதை முழுப் பொய் என்றும் தள்ள முடியாது. அசையாத ஒரே படம் மணிக்கணக்கில் நின்றால் திரையில் தழும்பு விழலாம். பெரிய புரொஜெக்‌ஷன் டிவிகளுக்கு அந்த எச்சரிக்கை நிஜமாகவே இருந்தது. ஆனால், ஓடிக்கொண்டே இருக்கும் காண்ட்ராவால் வீட்டு டிவி கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. அம்மாக்களின் உண்மையான கவலை, 'கோலங்கள்' தொடங்குவதற்குள் டிவி காலியாக வேண்டும் என்பதுதான்!

30 லைஃப் தந்தவர்

அந்த மேல-மேல-கீழ-கீழ மந்திரத்தை எழுதியவருக்கு ஒரு பெயர் உண்டு: கசுஹிசா ஹாஷிமோட்டோ. கொனாமியில் புரோகிராமர். அவர் அதைக் காண்ட்ராவுக்காக எழுதவில்லை. 1986-ல் கிராடியஸ் என்ற விண்கப்பல் கேமை ஃபேமிகாமுக்கு மாற்றும் வேலை அவருடையது. மாற்றியதைச் சோதிக்க வேண்டும் என்றால் ஆடிப் பார்க்க வேண்டும். கேமோ ரொம்பக் கஷ்டம், செய்தவராலேயே முடிக்க முடியவில்லை. எனவே, தனக்கு மட்டும் எல்லா ஆயுதமும் கிடைக்கும்படி எளிதில் மறக்காத ஒரு வரிசையை உள்ளே வைத்தார். வேலை முடிந்ததும் எடுக்க மறந்துபோனது. அதுதான் உலகம் முழுக்கப் பரவியது.

காண்ட்ராவில் அதுவே 30 லைஃப் ஆனது. சாதாரணமாகத் தொடங்கினால் மூன்று லைஃப்தான். இணையம் இல்லாத கிராமத்துக்கு இந்த வரிசை எப்படி வந்தது? பெரியம்மா பையன் சொன்னான், ஸ்கூலில் ஒரு அண்ணன் சொன்னார், நோட்டின் கடைசிப் பக்கத்தில் அம்புக்குறி போட்டுக் கொடுத்தார். அப்படித்தான். ஹாஷிமோட்டோ 2020 பிப்ரவரி 25-ல் காலமானார். செய்தியை கொனாமி அறிவித்தபோது, பலர் அஞ்சலியாகப் பகிர்ந்தது அந்தப் பத்து பட்டன்களைத்தான்.

அட்டைப்பட ஓவியர் பாப் வேக்லினும் இன்று இல்லை, 2018-ல் மறைந்தார். காண்ட்ரா அட்டையில் இருக்கும் அந்த இரண்டு கட்டுமஸ்தான ஆட்களை எங்கோ பார்த்ததுபோல இருக்கிறதே என்று தோன்றியிருந்தால், தப்பில்லை. 'பிரடேட்டர்' படத்தில் அர்னால்டு ஷ்வார்ஸ்நெகர் நின்ற போஸ்களைப் பார்த்துத்தான் அவர் வரைந்தார். ஐரோப்பாவில் இந்த முகங்களே மாறிப்போயின. மனிதர்களை மனிதர்கள் சுடுவது கூடாது என்று 1990-ல் அங்கே வீரர்களையும் எதிரிகளையும் ரோபோக்களாக மாற்றி, புரோபோடெக்டர் என்று பெயரும் மாற்றி விற்றார்கள். கதையும் ஊருக்கு ஊர் வேறு. ஜப்பானில் 2633-ம் ஆண்டு, நியூசிலாந்துக்குப் பக்கத்தில் ஒரு தீவு. அமெரிக்காவில் அதே கதை அன்றைய காலத்து அமேசான் காடு. ஜப்பான் கேசட்டில் கூடுதலாக ஒரு சில் இருந்ததால் காட்டில் மரங்கள் அசையும், பனிக்காட்டில் பனி பறக்கும்.

நமக்குக் கதையே இல்லை. நகல் கேசட்டோடு கதைப் புத்தகம் வராது. ஏன் சுடுகிறோம், யாரைச் சுடுகிறோம் என்று தெரியாமலே ஒரு தலைமுறை ஆடி முடித்தது. செய்தவர்களுக்கு நம் பக்கத்திலிருந்து ஒரு ரூபாய்கூடப் போய்ச் சேர்ந்திருக்காது என்பதும் உண்மை. கருவியின் காப்புரிமைக் காலம் முடிந்துபோனாலும் கேமின் பதிப்புரிமை அப்படியே இருக்கிறது. ஹாஷிமோட்டோவின் பெயரை நம்மில் பெரும்பாலானோர் அவர் இறந்த பிறகுதான் கேள்விப்பட்டோம் என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

இப்போது ஆட முடியுமா?

2011-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வந்தபோது, காண்ட்ரா பென் டிரைவில் ஏறி எமுலேட்டர் வழியாக அதற்குள் போனது. ரிமோட்டுக்குப் பதில் கீபோர்டு. இரண்டு பேர் ஒரே கீபோர்டில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு. பிறகு ஸ்மார்ட்போன் வந்தது. அத்தோடு பக்கத்தில் உட்காரும் ஆளுக்கு வேலை இல்லாமல் போனது.

முறையாக வாங்கி ஆட விரும்புகிறவர்களுக்கு, 2019-ல் கொனாமியே பழைய காண்ட்ராக்களைச் சேர்த்து காண்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷன் என்று வெளியிட்டது. பிளேஸ்டேஷன், ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ், கம்ப்யூட்டரில் ஸ்டீம் எல்லாவற்றிலும் வந்தது. மரம் அசையும் ஜப்பான் பதிப்பும் இதில் உண்டு. முக்கியமாக, எந்த இடத்திலும் சேமித்து வைக்கலாம். கரன்ட் போனாலும் கவலை இல்லை! 2024 மார்ச்சில் ஆபரேஷன் கலூகா என்ற பெயரில் புது உருவத்திலும் காண்ட்ரா வந்தது. அதிலும் இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம்.

இன்றைய பெற்றோருக்கு ஒரு தகவல். இந்தப் பழைய கேமில் உள்ளே வாங்குவதற்கு எதுவும் இல்லை. லைஃப் தீர்ந்தால் கார்டு நம்பர் கேட்காது, விளம்பரம் காட்டாது. காசு போட்டு ஆடும் அந்த முதல் இயந்திரம் நாணயம் விழுங்கியது நிஜம், அதில் அறை ஸ்டேஜ்களுக்கு நேரக் கெடுகூட வைத்திருந்தார்கள். வீட்டுக் கேசட்டில் அதை எடுத்துவிட்டார்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களுக்கு எதிராக 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்த காலத்தில், மூன்று லைஃப் முடிந்ததும் 'கேம் ஓவர்' என்று நேர்மையாகச் சொல்லும் ஒரு கேம் வித்தியாசமாகத்தான் தெரிகிறது. துப்பாக்கிச் சண்டை என்பதால் ரொம்பச் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். சர்க்கஸ் சார்லியில் தொடங்கலாம்.

அன்று ஒன்றாக உட்கார்ந்து ஆடிய அண்ணனும் தம்பியும் இன்று ஒருவர் ஒரகடத்தில் ஷிஃப்டில் இருக்கலாம், இன்னொருவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கலாம். பொங்கலுக்கு இருவரும் ஊருக்கு வரும்போது பரணில் அந்த டப்பாவைத் தேடிப் பாருங்கள். அடாப்டர் போயிருக்கும், புதிது கிடைக்கும். மஞ்சள், வெள்ளை வயர் செருக இடமுள்ள டிவியாக இருந்தால் போதும், எல்.இ.டி. டிவியிலும் படம் வரும். வாத்து சுடும் துப்பாக்கி மட்டும் வேலை செய்யாது, அதற்குப் பழைய பெட்டி டிவிதான் வேண்டும். அருவி வந்ததும் யார் முதலில் ஏறுகிறார்கள் என்று குழந்தைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தக் காலத்தில் முடிக்க முடியாமல் விட்டவர்களுக்காக க்ளைமாக்ஸைச் சொல்லிவிடலாம். இதயம் வெடித்ததும் தீவும் வெடிக்கும், ஒரு ஹெலிகாப்டர் பறந்து போகும். செய்தவர்களின் பெயர்கள் ஓடும். அதற்குப் பிறகு அணைந்துவிடும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. மறுபடி அதே காடு, அதே இசை, முன்பைவிடக் கொஞ்சம் கஷ்டமாக முதலிலிருந்து தொடங்கும். அதற்குள் அம்மா டிவி ரிமோட்டைக் கையில் எடுத்திருப்பார்.